அரைத்த மாவை யார் அரைப்பது?

2005ஆம் ஆண்டு. நான் படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தாமானில் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அவ்வாண்டு இறுதியில் எஸ்.பி.எம். தேர்வு. நாங்கள் இருவரும் ஒரே இணைய விளையாட்டைத்தான் ஆடினோம். அவருடைய கதாபாத்திரம் எங்கள் வட்டார இணைய மையத்தில் பெயர் பெற்றது. இரண்டு ஆண்டுகளாகப் பள்ளி விடுமுறை, வார இறுதி என்று பாராமல் அமர்ந்து வளர்த்தது அது. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார்.

"தெனம் ஒரு மணி நேரம் ஓட்டுடா தம்பி. பரீட்சை முடிஞ்சி நான் வரும்போது மத்தவங்களவிட ரொம்பப் பின்தங்கிடக் கூடாது" என்றார்.

மூன்று நாள் ஓட்டினேன். ஒரே புல்வெளி, ஒரே வகை விலங்கு, ஒரே அடி. நான்காம் நாள் சலித்துவிட்டது. பள்ளி நண்பன் ஒருவன் குறுவட்டில் ஒரு நிரல் கொண்டுவந்து தந்தான். அதை ஓடவிட்டால் கதாபாத்திரம் தானாகவே விலங்கைத் தேடிப்போகும், அடிக்கும், உயிர் குறைந்தால் மருந்து குடிக்கும், மறுபடியும் தேடிப்போகும். திரையை அணைத்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

"ஆள் இல்லாம எதுக்குடா கம்ப்யூட்டர் ஓடுது?" என்று அம்மா கேட்டார். "ஏதோ பதிவிறக்கம் ஆகுதும்மா" என்றேன்.

இரண்டு வாரம் ஓடியது. பிறகு அந்தக் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த மாலையில்தான் அண்ணனுக்கு அது தெரிந்தது.

அன்று அவர் என்னிடம் சொன்னதைக் கட்டுரையின் முடிவில் கூறுகிறேன். அந்த நிகழ்ச்சி என்னுள் எழுப்பிய கேள்வி மட்டும் இன்றுவரை போகவில்லை. ஒரு சிறு நிரலால் செய்துவிடக்கூடிய வேலையை விளையாட்டு ஏன் மனிதனிடம் கேட்கிறது? திறன் பயிற்சியை விளையாட்டே தானாக நடத்திக் கொடுத்தால் என்ன? இன்று நான் மென்பொருள் சோதனைத் துறையில் இருக்கிறேன். மனிதர் செய்யும் சலிப்பான வேலையை நிரலிடம் ஒப்படைப்பதே என் பிழைப்பு. ஆகவே இந்தக் கேள்வி எனக்கு இரண்டு வகையில் சொந்தமானது.

திறன் பயிற்சி என்பது என்ன?

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதாபாத்திரம் உண்டு. வாள் வீசுதல், மீன்பிடித்தல், மருத்துவம், கொல்லர் தொழில் போன்ற திறன்கள் அதற்கு எண்களாக அமைந்திருக்கும். எண் உயர உயரப் புதிய ஆயுதங்களும் புதிய இடங்களும் திறக்கும். அந்த எண்ணை உயர்த்தும் வேலையே திறன் பயிற்சி.

எவ்வளவு வேலை என்பதை அறிய ஒரு கணக்குப் பார்ப்போம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகி 2001 ஜனவரியில் வெளிவந்தது 'ரூன்ஸ்கேப்'. அதில் ஒரு திறனை 99ஆம் நிலைக்குக் கொண்டுசெல்ல 13,034,431 அனுபவப் புள்ளிகள் தேவை. 92ஆம் நிலையை எட்டியவர் ஏறத்தாழ முடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தால் ஏமாந்துபோவார். புள்ளிக் கணக்கில் அவர் அப்போதுதான் பாதி வழியில் நிற்கிறார். மரம் வெட்டும் திறனில் யூ மரக்கட்டை ஒன்றுக்கு 175 புள்ளிகள் கிடைக்கும். அந்த மரம் ஒன்றையே வெட்டி 99ஐ அடைவதாக வைத்துக்கொண்டால் 74,000க்கும் மேற்பட்ட கட்டைகள் வெட்ட வேண்டும்.

இதை விளையாட்டாளர்கள் 'கிரைண்டிங்' என்பார்கள். அதாவது அரைத்தல். "அரைத்த மாவையே அரைக்கிறான்" என்று நம் பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

மூன்று வழிகள்

திறனை வளர்ப்பதற்கு விளையாட்டு வடிவமைப்பாளர்கள் கையாண்ட வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, செய்யச் செய்ய வளர்வது. 1997 செப்டம்பரில் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' இதற்கு நல்ல சான்று. அதில் கொல்லராக வேண்டுமென்றால் கத்தி செய்துகொண்டே இருக்க வேண்டும். மறைந்து நிற்கும் திறன் வேண்டுமென்றால் ஓயாமல் மறைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு திறனுக்கு 100 புள்ளி, எல்லாத் திறன்களுக்கும் சேர்த்து 700 புள்ளி என்ற உச்சவரம்பு இருந்தது. எனவே ஒருவர் எல்லாவற்றிலும் வல்லவராக முடியாது. எதை வளர்ப்பது, எதை விடுவது என்று சிந்தித்தே தீர வேண்டும். இது அருமையான ஏற்பாடு. ஆனால், தேர்ந்தெடுத்த பிறகு நடக்கும் வேலை வெறும் விசை அழுத்தல்தான். ஆகவே பலர் விசைத்தொடர்களை எழுதி ஓடவிட்டுத் தூங்கப் போனார்கள். ஆளில்லாமல் ஓடவிடுவது விதிமீறல் என்று அறிவிக்கப்பட்ட பிறகும் அப்பழக்கம் ஒழியவில்லை.

இரண்டாவது, காலம் செல்லச் செல்ல வளர்வது. ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் இயங்கும் 'சி.சி.பி.' நிறுவனம் 2003 மே மாதம் 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட்டது. அதில் ஒரு திறனைத் தேர்ந்தெடுத்து ஆரம்பித்து வைத்தால் போதும். நாம் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும், கணினியை அணைத்துவிட்டு வகுப்புக்குப் போனாலும் கதாபாத்திரம் கற்றுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து நிலைகள். மிக எளிய வகைத் திறன் ஒன்றுக்கு முதல் நிலையில் தேவைப்படும் புள்ளி 250. இரண்டாம் நிலையில் 1,414. மூன்றில் 8,000. நான்கில் 45,255. ஐந்தில் 256,000. முதல் நிலை சில நிமிடங்களில் முடியும். ஐந்தாம் நிலைக்கு நான்கைந்து நாட்களாகும். மாபெரும் கப்பல்களுக்குரிய திறன்களின் ஐந்தாம் நிலைக்கு மாதங்கள் கூட ஆகலாம்.

மூன்றாவது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. 2004 நவம்பரில் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் கதாபாத்திரத்தைச் சத்திரத்தில் ஓய்வெடுக்க விட்டுவிட்டு நாம் வெளியேறலாம். மறுநாள் திரும்பி வரும்போது எதிரிகளை வீழ்த்துவதால் கிடைக்கும் புள்ளிகள் கொஞ்ச காலத்துக்கு இருமடங்காகும். உழைப்பு நம்முடையதுதான். ஆனால் ஓய்வெடுத்தவருக்கு விளையாட்டு ஒரு கை கொடுக்கிறது.

தானியக்கம் ஏன் வேண்டும்?

தானியக்கத்தை ஆதரிப்போரின் முதல் வாதம் சமநிலை. செய்யச் செய்ய வளரும் முறையில் யாருக்கு நேரம் இருக்கிறதோ அவரே வெல்வார். தேர்வுக்குப் படிக்கும் மாணவரும், இரண்டு வேலை பார்க்கும் குடும்பத் தலைவரும் தோற்பார்கள். 'ஈவ்' விளையாட்டில் நாம் ஆடினாலும் ஆடாவிட்டாலும் கடிகாரம் ஓடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் ஆடியது அத்தகைய விளையாட்டாக இருந்திருந்தால், கடவுச்சொல்லை என்னிடம் கொடுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. விளையாட்டு தானியக்கத்தைத் தராவிட்டாலும் தானியக்கம் வந்தே தீரும். திருட்டுத்தனமாக வரும். 'வார்கிராஃப்ட்' கதாபாத்திரத்தைத் தானாக ஓட்டும் 'கிளைடர்' என்ற நிரலை அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனம் விற்றது. 2008 செப்டம்பருக்குள் 120,000 உரிமங்கள் விற்று 35 இலட்சம் டாலர் வருவாய் ஈட்டியதாக நீதிமன்ற ஆவணம் கூறுகிறது. விளையாட்டின் உரிமையாளரான பிளிசார்ட் நிறுவனத்துக்கு 60 இலட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 2008இல் நீதிமன்றம் ஆணையிட்டது. 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பின் சில பகுதிகளை மாற்றியது. சட்ட நுணுக்கங்களை விட்டுவிடுவோம். 120,000 உரிமங்கள் என்ற எண்ணை மட்டும் எண்ணிப் பாருங்கள். பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டை ஆடாமல் இருப்பதற்காக மறுபடியும் பணம் கொடுத்தவர்கள் இவர்கள்! ஒரு விளையாட்டின் ஒரு பகுதியை இத்தனை பேர் காசு கொடுத்துத் தவிர்க்க விரும்பினால், அந்தப் பகுதியில் ஏதோ குறை இருக்கிறது என்றுதானே பொருள்?

'ரூன்ஸ்கேப்' நிறுவனமும் இதே நோயோடு பல ஆண்டுகள் போராடியது. தானியங்கி நிரல்களால் சேர்த்த பொன்னை உண்மைப் பணத்துக்கு விற்கும் வணிகத்தைத் தடுக்க, ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் தாராளமாகப் பொருள் மாற்றிக்கொள்வதையே 2007 இறுதியில் கட்டுப்படுத்தியது. நேர்மையாக ஆடியவர்களும் சேர்ந்தே துன்பப்பட்டார்கள். 2011 பிப்ரவரியில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

தானியக்கம் ஏன் கூடாது?

மறுபக்கத்து வாதங்களும் எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல.

பயிற்சியின்போது எண் மட்டும் வளர்வதில்லை, ஆடுபவரும் வளர்கிறார். மருத்துவர் வேடம் ஏற்றவர், குழுவில் யார் எப்போது அடி வாங்குவார், எந்த நொடியில் யாரைக் குணப்படுத்த வேண்டும் என்பதை நூறு சண்டைகளில் கற்கிறார். அவருடைய கதாபாத்திரத்தின் நிலை மற்றவர்களுக்கு ஒரு நற்சான்றிதழ். நிரல் வளர்த்த மருத்துவரிடம் சான்றிதழ் இருக்கும், படிப்பு இருக்காது. அவரை நம்பிக் குகைக்குள் போன குழு முழுவதும் மாண்டுபோகும். மிருதங்க வகுப்புக்கு நமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிவிட்டு அரங்கேற்றத்துக்கு மட்டும் நாமே போய் உட்கார முடியாதல்லவா?

அடுத்து, எல்லாவற்றையும் தானாக நடத்திவிட்டால் எஞ்சுவது என்ன என்ற கேள்வி. 2002ஆம் ஆண்டிலேயே இதைக் கிண்டல் செய்து 'புரோகிரஸ் குவெஸ்ட்' என்ற விளையாட்டை ஒருவர் எழுதிவிட்டார். அதில் கதாபாத்திரத்தை உருவாக்குவது மட்டுமே நம் வேலை. பிறகு அது தானே சண்டையிடும், தானே பொருள் விற்கும், தானே நிலை உயரும். நாம் பட்டை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அன்று சிரித்தோம். 2016 டிசம்பரில் தென்கொரியாவில் 'லினியேஜ் 2: ரெவல்யூஷன்' என்ற கைப்பேசி விளையாட்டு வந்தது. பணியை ஏற்றுக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினால் கதாபாத்திரம் தானே நடந்து போய்த் தானே சண்டையிட்டு முடித்துவிடும். அது மாபெரும் வணிக வெற்றி பெற்றது. கேலிக்கு எழுதப்பட்ட ஒன்று பதினான்கு ஆண்டுகளில் வியாபாரமாகிவிட்டது.

தானியக்கத்தால் சலிப்பு ஒழிந்துவிடும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. 'ஈவ்' விளையாட்டில் திறன் பயிற்சிக்கு நிரல் தேவையில்லை. ஆனாலும் அங்கும் தானியங்கி நிரல்கள் இருந்தன. அவை விண்கற்களைத் தோண்டிப் பணம் சேர்த்தன. அப்பணத்தை வெளியே விற்றவர்களைக் குறிவைத்து 2009 ஜூனில் அந்நிறுவனம் ஒரே நடவடிக்கையில் 6,000க்கும் மேற்பட்ட கணக்குகளை மூடியது. ஓரிடத்தில் அடைத்த ஒழுக்கு வேறிடத்தில் கசிந்தது.

ஈவ் கற்றுத்தரும் பாடம்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தானியக்கப் பயிற்சியோடு வாழ்ந்துவரும் விளையாட்டு 'ஈவ்'. ஆகவே அதன் வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்ப்பது நல்லது.

தொடக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு திறனை மட்டுமே ஆரம்பித்து வைக்க முடியும். அது முடிந்ததும் நாமே உள்ளே நுழைந்து அடுத்ததைத் தொடங்க வேண்டும். இரவு மூன்று மணிக்கு ஒரு திறன் முடிந்தால், காலையில் எழும்வரை அந்த நேரம் வீண். ஆகவே இரவுக்கு நீண்ட திறன், பகலுக்குக் குறுகிய திறன் என்று திட்டமிட்டார்கள். கடிகாரத்தில் மணி வைத்து நள்ளிரவில் எழுந்தவர்களும் உண்டு. ஆளை விடுவிக்க வந்த முறை ஆளையே காவல்காரனாக்கிவிட்டது.

2009 மார்ச்சில் வரிசை முறை வந்தது. அடுத்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கவிருக்கும் திறன்களை வரிசையில் அடுக்கலாம். 2014 நவம்பரில் அந்த வரம்பும் நீங்கி, ஐம்பது திறன்கள் வரை அடுக்க வழி பிறந்தது. இதுவரை நடந்ததை எல்லாம் நான் மனமாரப் பாராட்டுவேன். எதைக் கற்பது என்ற முடிவு மனிதனிடமும் காத்திருக்கும் வேலை இயந்திரத்திடமும் சென்று சேர்ந்தன.

ஆனால் வேறொரு சிக்கல் மெல்ல முற்றிக்கொண்டிருந்தது. கடிகாரம் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடினால், 2003இல் வந்தவரை 2013இல் வந்தவர் மொத்தப் புள்ளிகளில் ஒருநாளும் எட்ட முடியாது. உழைத்தும் எட்ட முடியாது, ஏனெனில் உழைப்புக்கு அங்கே இடமே இல்லை. இதற்கு 2016 பிப்ரவரியில் கண்ட தீர்வுதான் எனக்குக் கசக்கிறது. ஒரு கதாபாத்திரத்திலிருந்து 500,000 திறன் புள்ளிகளை உறிஞ்சி எடுத்து இன்னொருவருக்கு விற்கலாம் என்று விதி மாறியது. உறிஞ்சும் கருவி நிறுவனத்தின் கடையில் கிடைத்தது. ஏற்கெனவே நிறையப் புள்ளி உடையவர் வாங்கினால் அவருக்குக் குறைவாகவே ஏறும். புதியவருக்கு 500,000 முழுமையாக ஏறும். 80 மில்லியனுக்கு மேல் வைத்திருப்பவருக்கு 150,000 மட்டுமே ஏறும். புதியவர்களுக்கு உதவும் எண்ணம் அதில் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அன்றுவரை பொறுமைக்கு மட்டுமே கிடைத்த ஒன்று, அன்று முதல் பணத்துக்கும் கிடைத்தது. காலம் மட்டுமே விலையாக இருக்கும் இடத்தில், அக்காலத்தையே விலைபேச அதிக நாள் ஆகாது போலும்.

என் முடிவு

எங்கள் பாட்டி கடைசிவரை அம்மியில்தான் அரைத்தார். அம்மாவுக்கு மிக்சி வந்தது. அதனால் அம்மாவின் மீன்குழம்பு பாட்டியின் குழம்பைவிடத் தாழ்ந்துவிடவில்லை. ஏனென்றால் மிக்சி அரைத்தது மிளகாயையும் மல்லியையும் மட்டுமே. எவ்வளவு புளி, எப்போது இறக்குவது, உப்பு போதுமா என்பதையெல்லாம் அம்மாதான் முடிவு செய்தார். அந்த முடிவுகளையும் எந்திரத்திடம் கொடுத்திருந்தால் அது அம்மாவின் குழம்பாக இருந்திருக்காது.

விளையாட்டிலும் அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பயிற்சியில் ஆடுபவர் முடிவெடுக்கிறாரா, அல்லது விசையை மட்டும் அழுத்துகிறாரா? முடிவெடுக்கிறார் என்றால் அதைத் தொடக்கூடாது. விசையை மட்டும் அழுத்துகிறார் என்றால் அந்த வேலையை விளையாட்டே எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவில் தர வேண்டும். மிச்சமாகும் நேரத்தைப் பிறகு விற்பனைக்கு வைக்கக் கூடாது. 'இந்தக் கதாபாத்திரம் இப்போது தானாகப் பயிற்சி பெறுகிறது, ஆள் இல்லை' என்பது அருகில் இருப்பவர்களுக்கு வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

மூன்றாம் நிபந்தனையை எனக்குக் கற்றுத் தந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன்தான்.

அன்று மாலை அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வெளியே வாசல்படியில் உட்கார்ந்தார். "ஓட்ட முடியலன்னு சொல்லியிருந்தா விட்டுட்டுப் போயிருப்பேன்டா. நான் லெவலுக்காகவா தெனம் அங்க போனேன்? அந்தப் புல்வெளியிலதான் எங்க ஆளுங்க எல்லாம் ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்போம்" என்றார். நான் சலிப்பு என்று நினைத்த அந்த ஒரு மணி நேரம் அவருக்கு ஒட்டுக்கடையில் நண்பர்களோடு தேநீர் குடிப்பதைப் போன்றது. கை தானாக விலங்கை அடிக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும்.

பிறகு நடந்ததை அவர் குழு நண்பர்கள் வழியாக அறிந்தாராம். அந்த இரண்டு வாரமும் அவர்கள் அவருடைய கதாபாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் பேசியிருக்கிறார்கள். "பரீட்சை எப்படிப் போகுது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "ஏன் பேச மாட்டேங்கிற? கோவமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். துண்டால் மூடிய திரைக்குப் பின்னால் என் நிரல் விலங்குகளை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பதில் வராததால் இது ஆளல்ல, நிரல் என்று தெரிந்துகொண்டு, அவர்களில் ஒருவரே புகார் செய்திருக்கிறார். அண்ணனின் கணக்கை யாரோ திருடிவிட்டதாக எண்ணி, அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது அது.

ஆக, எந்த வேலை வெறும் அரைப்பு, எது உறவு என்பதை வெளியிலிருந்து பார்த்து எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதை ஆடுபவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை. விளையாட்டை வடிவமைக்கப்போகும் கணினித் துறை மாணவர்கள் இதைப் படித்தால், எந்த வேலையை எந்திரத்திடம் கொடுப்பதற்கு முன்பும் அந்த வேலையின்போது மக்கள் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அண்ணன் அதன்பிறகு அந்த விளையாட்டுக்குத் திரும்பவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. இப்போது ஜொகூரில் ஆசிரியராக இருக்கிறார். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது, நான் அலுவலகத்தில் எழுதிய புதிய சோதனை நிரலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னால், "அது கூப்பிட்டா பதில் சொல்லுமாடா?" என்று கேட்பார்.